மேடையில் போலந்து, வீட்டில் ஆங்கிலம்: புலம்பெயர்ந்த பிள்ளைகளிடம் போலிஷ் எப்படித் தங்குகிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 6,12,000 பேர் தங்கள் முதன்மை மொழி போலிஷ் என்று எழுதினார்கள். ஆங்கிலத்தையும் வேல்ஷையும் விட்டால் அதற்குத்தான் முதலிடம். அயர்லாந்தின் 2022 கணக்கெடுப்பிலும் வீட்டில் பேசும் வெளிநாட்டு மொழிகளில் போலிஷ்தான் முன்னால் நின்றது. 1,20,000 பேருக்கு மேல். இந்த எண்களைப் பார்ப்பவர்கள் அந்த மொழிக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அதே ஊர்களில் போலந்துப் பெற்றோரின் புலம்பல் வேறு மாதிரி இருக்கிறது: "நாங்கள் போலிஷில் கேட்கிறோம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது."

இரண்டும் உண்மை. கணக்கெடுப்பு பேசும் ஆட்களை எண்ணுகிறது. அந்த மொழி அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறதா என்று அது கேட்பதில்லை. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகள் அன்றே தங்கள் வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன. அப்போது இருபதுகளில் இருந்தவர்கள் லட்சக்கணக்கில் கிளம்பிப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பள்ளி முடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் வேலைக்கே போய்விட்டார்கள். நாளை அவர்கள் தங்கள் குழந்தையை எந்த மொழியில் கொஞ்சப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

## முதலில் சில சொற்கள்

போலந்துக்கு வெளியே வாழும் போலந்து மக்களையும் அவர்களின் வழிவந்தவர்களையும் சேர்த்து 'போலோனியா' என்பார்கள். சிகாகோவில் நான்காம் தலைமுறையாக இருப்பவரும் போலோனியாதான், போன மாதம் டப்ளினில் போய் இறங்கியவரும் போலோனியாதான்.

குழந்தை வீட்டில் முதலில் கேட்டு வளர்ந்து, ஆனால் வெளியே சமூகம் பேசாத மொழியை 'மரபு மொழி' என்பார்கள் மொழியியலாளர்கள். கேட்டால் முழுக்கப் புரியும், ஆனால் வாய் திறந்தால் ஊர் மொழிதான் வரும் என்ற நிலையில் இருப்பவர்களை இந்தக் கட்டுரையில் 'கேட்கும் தலைமுறை' என்று அழைக்கிறேன். மொழி நழுவும் குடும்பங்களில் இவர்கள்தான் நடுப்படி: இவர்களுடைய பெற்றோர் பேசுவார்கள், இவர்களுடைய பிள்ளைகளுக்குப் புரியவும் புரியாது.

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் தேவாலயக் கூடத்திலோ வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடத்திலோ போலிஷ் மொழி, வரலாறு, புவியியல் சொல்லித்தரும் ஏற்பாடு 'சனிக்கிழமைப் பள்ளி'. பெற்றோர்களே சேர்ந்து நடத்துவதுதான் வழக்கம். லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள தமிழ்ப் பெற்றோர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

## 123 ஆண்டு நாடில்லாமல் இருந்தவர்கள்

போலந்துக்காரர்கள் மொழி விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்த நாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்துக்கொண்டன. 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு வரைபடத்திலேயே கிடையாது. ரஷ்யப் பகுதியில் பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன, பிரஷ்யப் பகுதியில் ஜெர்மனுக்கு.

1901 மே மாதம், பிரஷ்யாவின் பிடியில் இருந்த வ்ஷெஷ்னியா என்ற சிறிய ஊரில் சமயப் பாடத்தையும் ஜெர்மனிலேயே நடத்த உத்தரவு வந்தது. குழந்தைகள் பதில் சொல்ல மறுத்தார்கள். பிரம்படி விழுந்தது. எதிர்த்த பெற்றோர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். போலந்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் நிகழ்ச்சி இது. வார்சாவில் 1880களில் இடம் மாற்றி மாற்றி ரகசியமாக நடந்த 'பறக்கும் பல்கலைக்கழக' வகுப்புகளில் படித்தவர்களில் ஒருவர் மரியா ஸ்கவொதோவ்ஸ்கா, உலகம் மேரி கியூரி என்று அறிந்தவர்.

அதனால் நாடு போனாலும் வீட்டில் மொழி இருந்தால் போதும் என்ற எண்ணம் அவர்களுக்கு அனுபவத்தில் வந்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிவினைக் காலத்தில் வெளியே இருந்த மொழி அடக்குமுறையின் மொழி. குழந்தைக்கு அதன்மேல் கோபம் இருந்தது, தெருவில் கூட விளையாடுபவர்களும் போலிஷ் பேசினார்கள். மான்செஸ்டரிலும் ஆஸ்லோவிலும் வெளியே இருக்கும் மொழி நண்பர்களின் மொழி, கால்பந்தின் மொழி. அதை எதிர்க்கக் குழந்தைக்கு ஒரு காரணமும் இல்லை. தாத்தா காலத்துப் பிடிவாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து பேரன்மேல் வைத்தால் அது வேலை செய்யாது.

## நீண்ட நாள் தங்கிய இடங்கள், சீக்கிரம் போன இடங்கள்

1854இல் இன்றைய போலந்தின் தென்மேற்கில் உள்ள சைலீசியாவிலிருந்து விவசாயக் குடும்பங்கள் டெக்சஸுக்குப் போய் பன்னா மரியா என்ற ஊரை உருவாக்கின. அங்கே சைலீசிய வட்டார வழக்கு நூறு ஆண்டுக்கும் மேல் புழக்கத்தில் இருந்தது. விமானம் இல்லை, தொலைபேசி இல்லை, ஊருக்குத் திரும்பிப் போகும் வழியும் இல்லை. ஆனால் பக்கத்து வயல், தேவாலயம், கடை, திருமணச் சம்பந்தம் எல்லாம் அதே மொழிக்குள் இருந்தன.

சிகாகோவில் 1867இல் தொடங்கிய புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்கா பங்குத் தேவாலயத்தைச் சுற்றியும் அதே மாதிரி ஒரு போலிஷ் உலகம் வளர்ந்தது. ஃபெலிசியன் சபைக் கன்னியர்கள் 1874 முதல் அமெரிக்காவில் பங்குப் பள்ளிகளில் போலிஷ் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். பிறகு 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கதவைச் சாத்தியது. புதிதாக வருபவர்கள் நின்றதும் அந்தப் பள்ளிகளில் ஆங்கிலம் மேலேறத் தொடங்கியது.

இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் சோவியத் ஒன்றியத்துக்கு நாடு கடத்தப்பட்டு அங்கிருந்து தப்பிய போலந்துக் குழந்தைகளில் நூற்றுக்கணக்கானோருக்கு 1942இல் ஜாம்நகருக்கு அருகே பாலாசடியில் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி இடம் கொடுத்தார். கோலாப்பூர் அருகே வலிவடேயில் 1943 முதல் 1948 வரை இருந்த முகாமில் ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பள்ளி, சாரணர் படை, நாடகம், நாட்டுப்புற நடனம் எல்லாமே போலிஷில் நடந்தன. மராத்தி பேசும் ஊருக்கு நடுவே ஒரு தலைமுறை மொழி குறையாமல் வளர்ந்தது.

நியூசிலாந்தின் பஹியாதுவா முகாமில் 1944 நவம்பர் 1 அன்று வந்து சேர்ந்த 733 குழந்தைகளுக்கும் முதலில் இதே ஏற்பாடுதான். போர் முடிந்ததும் திரும்பிப் போவார்கள் என்று நினைத்து முகாமை முழுக்கப் போலிஷிலேயே நடத்தினார்கள். திரும்பப் போக வழியில்லை என்று தெரிந்தபின் பிள்ளைகள் மெல்ல நியூசிலாந்துப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த இடங்கள் அனைத்திலும் மொழியின் ஆயுளைத் தீர்மானித்தது பெற்றோரின் பற்றின் அளவு என்று சொல்ல முடியாது. பற்று எல்லா இடத்திலும் இருந்தது. குழந்தையின் ஒரு நாளில் போலிஷ் இல்லாமல் நடக்காத காரியங்கள் எத்தனை இருந்தன என்பதுதான் வித்தியாசம்.

## வீட்டுக்குள் மொழி நழுவும் வரிசை

இன்றைய குடும்பத்தில் இது ஒரே நாளில் நடப்பதில்லை. பொதுவாக இப்படிப் போகும்:

1. மூன்று வயதுவரை குழந்தை போலிஷ் மட்டும் பேசுகிறது. பெற்றோருக்கு ஒரு கவலையும் இல்லை.

2. மழலையர் பள்ளி தொடங்குகிறது. நண்பர்கள், பாட்டு, சண்டை எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு வருடத்துக்குள் பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது ஆங்கிலம் கலக்கிறது, ஏனென்றால் அந்த நிகழ்ச்சிகளுக்கான போலிஷ் சொற்கள் அதற்குத் தெரியாது.

3. பெற்றோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்று குழந்தை கண்டுபிடிக்கிறது. இதுதான் முக்கியமான திருப்பம். ஆங்கிலத்தில் கேட்டாலும் சோறு கிடைக்கும் என்று தெரிந்தபின் கஷ்டமான வழியை எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுக்காது.

4. தம்பியோ தங்கையோ பிறக்கிறது. மூத்த பிள்ளை சின்னதிடம் ஆங்கிலத்தில் பேசுகிறது. இரண்டாவது குழந்தையின் போலிஷ் முதல் குழந்தையுடையதைவிடப் பலவீனமாக இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பெற்றோர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

5. பத்துப் பன்னிரண்டு வயதில் பேச்சு சிக்கலாகிறது: நட்பில் வந்த மனக்கசப்பு, அரசியல், வெட்கம், பயம். இவற்றைச் சொல்லும் அளவுக்குப் போலிஷ் வளரவில்லை. பிள்ளை ஆங்கிலத்துக்குத் தாவுகிறது, பெற்றோரும் பின்னாலேயே போகிறார்கள்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களிடம் அன்னிக் தெ ஹவர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பெற்றோரில் ஒருவராவது டச்சு அல்லாத மொழியை வீட்டில் பேசிய குடும்பங்கள் அவை. அவற்றில் சுமார் கால்வாசியில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. இரண்டு பெற்றோரும் வீட்டில் சிறுபான்மை மொழியை மட்டுமே பேசிய வீடுகளில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள். 'ஆளுக்கொரு மொழி' என்று பெற்றோர் பிரித்துக்கொள்ளும் முறை பலரும் பரிந்துரைக்கும் ஒன்று. ஆனால் அது இதைவிடப் பலவீனமானது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

## முதலில் எது உதிர்கிறது?

போலிஷில் ஏழு வேற்றுமைகள். பள்ளியில் எட்டு வேற்றுமை படித்த நமக்கு இது பயமுறுத்தாது. ஆனால் போலிஷில் உருபு சொல்லின் பாலுக்கு ஏற்பவும், ஒருமை பன்மைக்கு ஏற்பவும் மாறும். எண்கள் அதைவிடச் சிக்கல்: இரண்டு வீடு, இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் என்று சொல்ல மூன்று இடத்திலும் 'இரண்டு' வேறு வேறு வடிவம்.

கேட்கும் தலைமுறையிடம் இவை ஒரே வேகத்தில் போவதில்லை. தினமும் வாயில் வருவது தங்குகிறது. அம்மாவையும் பாட்டியையும் கூப்பிடும் விளி வடிவம் சின்னக் குழந்தைக்கும் பிசகாது, ஏனென்றால் நாளுக்கு ஐம்பது முறை கூப்பிடுகிறது. ஐந்து, அதற்கு மேற்பட்ட எண்களோடு வரும் பன்மை வடிவம் தடுமாறும்.

இன்னொன்றும் உண்டு. 'நான் போனேன்' என்று தமிழில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்கிறோம். போலிஷில் சொல்பவர் ஆணா பெண்ணா என்பது இறந்தகால வினையிலேயே தெரியும். அம்மாவிடம் மட்டுமே போலிஷ் கேட்டு வளரும் பையன் பெண் வடிவத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அவன் கேட்ட 'நான்' எல்லாம் அம்மாவுடையது. அதைத் திருத்த இலக்கணப் புத்தகத்தைவிட மாமாவோ அண்ணன் முறையுள்ள பையனோதான் உதவுவான்.

அப்புறம் மரியாதை. பெரியவர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் போலிஷில் 'பான்', 'பானி' என்று படர்க்கையில்தான் அழைக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் மொழி பழகிய பிள்ளைக்கு இந்த வழக்கு வராது. வார்சாவில் கடைக்காரரிடம் அம்மாவிடம் பேசுவது போலப் பேசிவிட்டு முறைப்பு வாங்கும்.

## சனிக்கிழமைப் பள்ளியின் எல்லை

இரண்டாம் உலகப்போரில் தன்னோடு சேர்ந்து போரிட்ட போலந்துப் படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் அங்கேயே தங்க 1947இல் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது. அவர்கள் குடியேறிய ஊர்களிலெல்லாம் சனிக்கிழமைப் பள்ளிகள் முளைத்தன. 1953இல் லண்டனில் தொடங்கிய 'போல்ஸ்கா மாச்செஷ் ஷ்கோல்னா' இன்றும் அவற்றுக்குப் பாடத்திட்டமும் புத்தகமும் தரும் அமைப்பாக இருக்கிறது. 2004க்குப் பின் வந்தவர்கள் அந்தப் பழைய பள்ளிகளில்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள்.

வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம். பகல் பள்ளி அதைப்போல ஏழெட்டு மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கில் பேச்சுமொழியைப் பள்ளி உருவாக்கித் தரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வீட்டில் வந்த பேச்சுக்கு எழுத்தும் வாசிப்பும் சேர்த்துத் தருவதில்தான் அது சிறக்கிறது. மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் பல பத்தாண்டுகள் வலியுறுத்தியது இதையே: வீடு, அக்கம்பக்கம் என்ற அடித்தளத்தில் மொழி கைமாறாவிட்டால் பள்ளியும் ஊடகமும் எவ்வளவு செய்தாலும் நிற்காது.

ஆனாலும் சனிக்கிழமைப் பள்ளியின் ஒரு பயனை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன், அது பாடத்திட்டத்தில் இல்லை. தன்னைப்போல இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று குழந்தை அங்கேதான் பார்க்கிறது. இடைவேளையில் அவர்கள் ஆங்கிலத்தில் பேசினால் பாதிப் பயன் போயிற்று. இதைப் புரிந்துகொண்டு வகுப்பைக் குறைத்து நாடகம், சமையல், முகாம் என்று நேரத்தை மாற்றும் பள்ளிகள் சரியான திசையில் போகின்றன.

## வழக்கங்கள் மொழியைவிட நீண்ட நாள் வாழும்

மொழி போனபின்னும் வழக்கங்கள் தங்குகின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஈஸ்டர் திங்கள் அன்று தண்ணீர் தெளித்து விளையாடும் 'திங்குஸ்' திருநாள் பெரிய ஊர்வலமாகவே நடக்கிறது. அதில் போலிஷ் பேசத் தெரிந்தவர்கள் சிறுபான்மை. தாத்ரா மலையடிவாரமான போட்ஹாலேயிலிருந்து போன மலைவாசிகளுக்கு வட அமெரிக்காவில் 1929 முதல் சங்கம் உண்டு. சிகாகோவில் அவர்கள் பிள்ளைகள் மலைநாட்டு உடையில் ஆடுவதும் வயலின் வாசிப்பதும் இன்றும் தொடர்கிறது. வெளிநாடுவாழ் போலந்துக் கலைக்குழுக்களுக்கென்றே போலந்தின் ஷெஷுவ் நகரில் 1969 முதல் உலக நாட்டுப்புறக் கலை விழா நடக்கிறது. பொலோனெஸ், மசூர், குயாவியாக், கிரகோவியாக், ஒபெரெக் என்ற ஐந்து தேசிய நடனங்களையும் பிழையில்லாமல் ஆடிவிட்டு, இறங்கி வந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசும் இளைஞர்களை இத்தகைய குழுக்களில் பார்க்கலாம்.

இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. ஆடும் பிள்ளைக்கு ஒரு சொந்தம் கிடைக்கிறது. ஆனால் நடனம் நன்றாக இருக்கிறது, ஆகவே மொழியும் நன்றாக இருக்கிறது என்று பெற்றோர் எண்ணுவது ஆபத்து. உடலால் செய்யும் வழக்கத்துக்கு மொழி தேவையில்லை, பாட்டைக்கூட ஓசையாக மனப்பாடம் செய்துவிடலாம்.

வழக்கங்களுக்குள்ளேயே பேச்சைக் கேட்பவை, கேட்காதவை என்று வித்தியாசம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 'விகிலியா' விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், முதல் நட்சத்திரம் தெரிந்தபின் சாப்பாடு, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு ஒரு காலி இடம், பன்னிரண்டு வகை உணவு. ஆனால் சாப்பிடும் முன் நடப்பதுதான் இங்கே முக்கியம். 'ஒப்வாதெக்' என்ற மெல்லிய அப்பத்தை ஒவ்வொருவரும் கையில் வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொருவரிடமும் போய், அவர் அப்பத்தில் ஒரு துண்டு ஒடித்து, முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். பாட்டிக்கு உடல்நலம், மாமாவுக்கு வேலை, அக்காவுக்குப் பரீட்சை என்று ஆளுக்கேற்ற வாழ்த்து. எட்டு வயதுப் பிள்ளை பத்துப் பேருக்குப் பத்து வாக்கியத்தைத் தானாக யோசித்துச் சொல்கிறது. இதற்கு ஈடான பயிற்சி எந்த வகுப்பிலும் இல்லை.

நவம்பர் கடைசியில் புனித ஆண்ட்ரூ இரவும் அப்படித்தான். உருகிய மெழுகைச் சாவித் துவாரம் வழியாகத் தண்ணீரில் ஊற்றி, உறைந்த உருவம் எதைப் போல இருக்கிறது, எதைக் குறிக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். வசந்தத்தின் முதல் நாளில் 'மஜான்னா' என்ற வைக்கோல் பொம்மையை ஆற்றில் விட்டுக் குளிர்காலத்தை அனுப்பி வைப்பதும், ஈஸ்டர் முட்டையில் மெழுகால் கோலம் எழுதுவதும் கையை முதலில் கேட்கின்றன. பக்கத்தில் பாட்டி இருந்து கதை சொன்னால் காதையும் கேட்கும்.

## அரசுகள் எடுக்கும் முடிவுகள்

குடும்பம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. சில முடிவுகளைப் பாருங்கள்.

பிரேசிலின் பரானா மாநிலத்தில் போலிஷ் பள்ளிகள் ஏராளமாக இருந்தன. அதிபர் வர்காஸின் அரசு 1938இல் வெளிநாட்டு மொழிப் பள்ளிகளுக்குத் தடை போட்டதும் அவை மூடப்பட்டன. ஸ்வீடன் 1977இல் எதிர்த்திசையில் போனது: குழந்தையின் வீட்டு மொழியைப் பள்ளியிலேயே கற்பிக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது.

இங்கிலாந்தில் 2015இல் ஒரு தேர்வு வாரியம் பள்ளி இறுதித் தேர்வில் போலிஷை நிறுத்தப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது, 2016இல் அது தொடரும் என்று முடிவானது. அயர்லாந்தில் 2020 முதல் போலிஷ் பள்ளி இறுதிப் பாடங்களில் ஒன்று; முதல் தேர்வு 2022இல் நடந்தது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் 'நம் மொழி' என்று சொல்வதற்கும் 'மதிப்பெண் வரும்' என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. தேர்வு இருக்கும்போது பள்ளியும் அந்த மொழியை அறிவு என்று ஒப்புக்கொள்கிறது.

பிள்ளைகளின் வகுப்பு நேரம் அரசியல் பேரத்தில் சிக்குவதும் உண்டு. ஜெர்மனியில் போலிஷ் பிள்ளைகளுக்குப் போதிய உதவி இல்லை என்று சொல்லி, போலந்து அரசு 2022இல் தன் நாட்டிலுள்ள ஜெர்மன் சிறுபான்மைப் பிள்ளைகளின் மொழிப் பாடத்தை வாரத்துக்கு மூன்று மணியிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. 2024இல்தான் அது பழைய நிலைக்கு வந்தது. சைலீசியாவில் ஒரு பிள்ளையிடம் பறித்த இரண்டு மணி நேரம் ஜெர்மனியில் எந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை. இது தவறான வழி.

போலந்து தரும் 'கார்தா போலாகா' என்ற அடையாள அட்டை முன்னாள் சோவியத் நாடுகளில் இருப்பவர்களுக்காக 2007இல் சட்டமானது. 2019 முதல் உலகெங்கும் உள்ள போலந்து வம்சாவளியினர் விண்ணப்பிக்கலாம். அதற்கு அடிப்படைப் போலிஷும் தெரிந்திருக்க வேண்டும், போலிஷ் வழக்கங்களைக் கடைப்பிடிக்கவும் வேண்டும். கேட்கும் தலைமுறையின் பிள்ளைகளுக்கு நாளை இந்த முதல் நிபந்தனைதான் தடையாக நிற்கும்.

## குடும்பத்தால் எது முடியும்?

1. மூத்த பிள்ளையும் இளையதும் தங்களுக்குள் பேசும் மொழியைக் கவனியுங்கள். அது மாறும் கணத்தில் தலையிடுவது, ஐந்து ஆண்டு கழித்து வகுப்பில் சேர்ப்பதைவிட எளிது.

2. போலிஷ் மட்டுமே தெரிந்த ஒருவர் குழந்தையின் வாழ்க்கையில் வேண்டும். பாட்டி இதற்கு மிகப் பொருத்தம், கோடை விடுமுறைக்குப் போலந்தில் இருக்கும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் அதைவிடப் பொருத்தம். விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் இலக்கணத்தை வேகமாகச் சரிசெய்யும்.

3. ஆங்கிலத்தில் பதில் வந்தால் திட்ட வேண்டாம், அதற்காக ஆங்கிலத்துக்கு மாறவும் வேண்டாம். பிள்ளை சொன்னதைப் போலிஷில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம். உச்சரிப்பைக் கிண்டல் செய்யும் உறவினர்களை முதலில் நிறுத்துங்கள். பதின்ம வயதில் வாயை மூடவைப்பது பெரும்பாலும் அந்தச் சிரிப்புதான்.

4. வருடத்து வழக்கங்களில் பிள்ளைக்குப் பேசும் பொறுப்பு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விகிலியாவில் அப்பா மொழிபெயர்த்து உதவ ஆரம்பித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

5. ஏற்கெனவே கேட்கும் நிலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைக் கைகழுவ வேண்டாம். சிறுவயதில் ஸ்பானிஷ் மொழியைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்த அமெரிக்க மாணவர்கள் பின்னால் அதைக் கல்லூரியில் படித்தபோது, புதிதாகத் தொடங்கியவர்களைவிட உச்சரிப்பில் தெளிவாக முந்தினார்கள் என்று 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. போலிஷின் 'ஷ', 'ஸ', 'ச' வரிசை மெய்கள் வெளியார்க்கு எவ்வளவு கடினமோ அவ்வளவு அந்தப் பழைய காது உதவும். இருபது வயதில் அவர்களாகத் திரும்பி வரும்போது பேச ஆள் வேண்டும். அதனால் பிள்ளை பதில் சொல்லாத வருடங்களிலும் பெற்றோர் போலிஷில் பேசிக்கொண்டே இருப்பது வீண் போகாது.